கதவுக் கைப்பிடிக்குப் பொன்னாடை

ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதருக்குக் கல்யாண ஆசை வந்தால் ஊர் சிரிக்கும். அந்தக் கல்யாணம் ஒரு கார்க் கதவின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிக்கும். அதனால் பிரிக்ஃபீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் குரு, விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

குருவிடம் ஒரு பழைய மோரிஸ் மைனர் இருந்தது. இரண்டே கதவு. வயதை மறந்த சுறுசுறுப்பு. பத்துமலைக்குப் போய்விட்டு மூச்சு வாங்காமல் திரும்பி வரும். என்ன, கண்ணாடிகள் நாலு விரல் அளவுக்கு மேல் இறங்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இடது பக்கக் கதவுதான் வம்பு. குருவின் அக்கா ஒரு நாள் இறங்குகிற அவசரத்தில் இழுத்த இழுப்பில் உள்கைப்பிடி முறிந்து கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து பக்கத்தில் உட்காருகிறவர்கள், குரு இறங்கிச் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்துவிடும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அதை மரியாதை என்று நினைத்துப் பூரித்துப் போனார்கள்.

மார்க்கிரட் பூரிக்கவில்லை. அவர் பியானோ சொல்லிக்கொடுப்பவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறை மலேசியாவில் ஓடியும் வீட்டுப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மூக்குக்கண்ணாடி மாற்ற வந்து, பிறகு கண்ணாடிக்கு ஒரு கோளாறும் இல்லாதபோதும் வந்துபோனவர். ஒரு மாலை குரு காரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

மார்க்கிரட் கைப்பிடி இல்லாத கதவைப் பார்த்தார்.

“குரு, நீங்கள் நல்ல மனுசன். ஆனா நான் இருபது வருசம், ஒராள் வந்து திறந்துவிடும் வரைக்கும் உள்ளுக்க இருந்தனான். கார் மட்டும் இல்ல, வீடும்தான். இனி நானே திறக்கேலாத கதவுக்குப் பின்னால இருக்க மாட்டன். முதல்ல இதுக்கொரு கைப்பிடி போடுங்கள். பிறகு கேளுங்கள்.”

குரு தேடாத இடமில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் பழைய இரும்புக் கடை, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு சீனரின் பட்டறை, எங்கும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒருவர் சொன்னார்: “கிள்ளான்ல பழமை வாகனப் பேரவை வருஷா வருஷம் சந்தை போடுது பாஸ். பழைய ஸ்பேர் பார்ட்ஸை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்குவாங்களாம். காசு கிடையாது. சாமானுக்குச் சாமான்.”

குருவிடம் உபரியாக இரண்டு முன்விளக்கு வளையங்கள் இருந்தன. பளபளவென்று துடைத்து எடுத்துக்கொண்டார்.

“நானும் வாறன்,” என்றார் மார்க்கிரட். “ஆனா ட்ரெயின்ல. கைப்பிடி கிடைச்சா உங்கட கார்ல திரும்பி வருவன். இல்லாட்டி வந்த ட்ரெயின்லயே போயிடுவன்.”

அந்த ‘போயிடுவன்’ கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மட்டும்தானா என்று கேட்கக் குருவுக்குத் தைரியம் வரவில்லை.

சந்தை ஒரு கல்யாண மண்டபத்தின் முன்திடலில் நடந்தது. வாசலில் வாழைமரம், வண்ணக் காகிதத் தோகைகள். கிள்ளான் வெயிலில் கோட்டு போட்ட தொண்டர்கள் வெந்துகொண்டிருந்தார்கள். வரிசையாக லோரிகள் வந்து நின்று, தார்ப்பாய் போர்த்திய கார்களை இறக்கின. குருவின் கார் டுர்ரென்று உள்ளே நுழைந்ததும் ஒரு தொண்டர் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே பாய்ந்தார்.

“அண்ணே, லோரி எங்க?”

“என்ன லோரி?”

“உங்க காரைக் கொண்டுவந்த லோரி.”

“நான் ஓட்டிக்கிட்டு வந்தேன் தம்பி.”

தொண்டர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். “பாஸ், இங்க ஒருத்தரு காரை ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு.”

பேரவைச் செயலாளர் சிவநேசன் நேரில் வந்தார். கோட்டில் பதக்கங்கள் குலுங்கின. காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“சூடா இருக்கே.”

“இப்பதானே வந்தேன்.”

“அதைத்தான் சொல்றேன். பாரம்பரிய வாகனம்னா பல வருஷம் அசையாம இருந்திருக்கணும் சார். உங்களுது ஓடுது. ஓடுறதுக்குப் பேரு பாரம்பரியம் இல்ல, போக்குவரத்து.” அவர் குரலில் கோபம் இல்லை, நோயாளியிடம் பேசும் பரிவு இருந்தது. “அந்தா, மைவி, புரோட்டோன்னு சாதாரண காருங்க நிக்குது பாருங்க. அங்க கொண்டுபோய்ப் போடுங்க. எண்ணெய் சொட்டினா நீங்கதான் துடைக்கணும்.”

ரயிலில் வந்திறங்கிய மார்க்கிரட், குரு தன் காரை மைவிகளுக்கு நடுவே நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திடலில் நீள நீளமாக மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் துணி, துணிக்கு அடியில் உதிரிபாகங்கள். குரு ஒரு துணியின் ஓரத்தைத் தூக்கினார். விசில் ஊதியது.

“திறப்பு விழா முடியாம தொடக்கூடாது சார்!”

“பார்க்கவாச்சும் செய்யலாமா?”

“பார்த்தா ஆசை வரும். ஆசை வந்தா தொடுவீங்க. டத்தோ வந்து ரிப்பன் வெட்டட்டும்.”

அரசுப் பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினர் டத்தோ பழனியப்பன் காலையிலேயே வந்திருக்க வேண்டியவர். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் வருகிற வழியில் இருப்பதாக ஒலிபெருக்கி ஓயாமல் சொன்னது. 

அப்போதுதான் மேடையில் குருவின் கண் நிலைகுத்தியது. வெள்ளித் தட்டு, அதில் சிவப்புப் பட்டு, பட்டின் மேல் மல்லிகைச் சரம் சுற்றி, குங்குமப் பொட்டு வைத்து, ஒரு கைப்பிடி. மோரிஸ் மைனரின் கதவு உள்கைப்பிடி.

“அதுதானே?” என்றார் மார்க்கிரட்.

“அதேதான்.”

பக்கத்தில் சுவரோரம் குந்தி, பொட்டலத்தில் கட்டி வாங்கிய நாசி லெமாக் சோற்றைத் தின்றுகொண்டிருந்த ஒரு லோரிக்காரர் சிரித்தார். “அதுக்கு ஆசைப்படாதீங்க அங்கிள். அது தலைவர் சுகுமாறனோட காரு சாமான். விழாவுக்குன்னு காலையிலதான் கழட்டினாங்க. தலைவர் அதைச் செயலாளருக்குக் கொடுப்பாரு. செயலாளர் ஒரு சக்கர மூடியைத் தலைவருக்குக் கொடுப்பாரு. போட்டோ எடுப்பாங்க. அப்புறம் அவங்கவங்க சாமானை அவங்கவங்க வாங்கிக்கிட்டுப் போயிருவாங்க.”

“மத்த மேசையில?”

“எல்லா மேசையிலயும் அதேதான். எனக்கும் நல்லதுதான்லா. கொண்டுவந்த பாரத்தையே திருப்பிக் கொண்டுபோறேன், ரெண்டு வாடகை.”

டத்தோ வரவில்லை என்பதால் தலைவர் சுகுமாறன் பேசினார். பட்டு ஜிப்பா, பட்டு வேட்டி, நெற்றியில் வியர்வையோடு கலந்த சந்தனம். ஒலிவாங்கியைப் பிடித்த பிடியில் அதை மறுபடி யாருக்கும் தருகிற எண்ணம் தெரியவில்லை.

“பேரன்புடையீர்! உலகத்துல எத்தனையோ சந்தை இருக்கு. மக்கள் வராங்க, சாமானை மாத்திக்கிறாங்க, வீட்டுக்குப் போயிடுறாங்க. அப்படிப் போனா சங்கத்துக்கு என்ன மிச்சம்? நம்ம பேரவை தொடங்கின நாள்லேருந்து ஒரு நட்டு, ஒரு போல்ட்டுகூட கை மாறினது கிடையாது! இதை நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன்.”

கைதட்டல் அடங்கும்வரை நெஞ்சை நிமிர்த்தியே நின்றார்.

“சில பேரு கேக்குறாங்க, தலைவரே உங்க காரு ஓடுமான்னு. நான் திருப்பிக் கேக்குறேன். அரண்மனை ஓடுமா? பத்துமலை ஓடுமா? பெருசா இருக்கிறது எதுவும் ஓடாது. என் தாத்தா தோட்டத்துல ஓடினாரு. என் அப்பா ஆபீஸ் ஆபீஸா ஓடினாரு. நான் உக்கார்ந்திருக்கேன். இதுதாங்க சமுதாய முன்னேற்றம்!”

“பாவம், தாத்தா,” என்றார் மார்க்கிரட், தலைவருக்குக் கேட்காத குரலில்.

ஒரு வழியாக டத்தோ வந்து சேர்ந்தார். வந்தது குளிரூட்டிய புத்தம் புதுக் கார். வாசலில் இறங்கி, தலைவரின் மோரிஸ் மைனரில் ஏறி, மேடைவரை ஊர்வலமாக வருவது மரபு. வாசலுக்கும் மேடைக்கும் இடையே இரண்டு பஸ் நீளம் இருக்கும்.

தலைவரின் காரில் ஓட்டுநர் பக்கக் கதவு துருப்பிடித்து ஒட்டிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆகவே இடது கதவு வழியாகத் தலைவர் முதலில் நுழைந்து, வேட்டி கியரில் மாட்ட, நகர்ந்து நகர்ந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போனார். பின்னாலேயே டத்தோ தன் உடம்பைத் தவணை முறையில் உள்ளே செலுத்தினார். நாலு லோரி ஆட்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஒலிபெருக்கியில் பதிவு செய்த எஞ்சின் சத்தம் உறுமியது. தலைவர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, டத்தோவைப் பார்த்து, “எப்படி என் டிரைவிங்?” என்பதுபோல் சிரித்தார்.

கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு தள்ளுவதுதான் வழக்கம். ஆனால் இந்த வருடம் வீடியோ எடுத்தார்கள். திறந்த கதவு படத்தில் அழகாக இல்லை என்று பட்ட செயலாளர் சிவநேசன், ஓடிப்போய், அத்தனை பக்தியோடும் அதை ஓங்கிச் சாத்தினார்.

கார் மேடையருகே நின்றது. எஞ்சின் சத்தமும் நின்றது. டத்தோ இறங்கவில்லை.

உள்கைப்பிடி மேடையில் மல்லிகைப்பூவோடு இருந்தது. வெளிக்கைப்பிடியைக் குரோம் பூசக் கொடுத்திருந்தார்கள். அது இன்னும் வந்தபாடில்லை. கண்ணாடிகள் அசைந்த காலம் யாருக்கும் நினைவில்லை. கதவின் முன்மூலையில் இருந்த சின்ன முக்கோணச் சாளரம் மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. அந்த இடுக்கில் டத்தோவின் மூக்கு வந்து நின்றது.

“என்னய்யா நடக்குது? காத்து இல்லை!”

“கண்ணாடியை உடைச்சிரலாம் பாஸ்,” என்று லோரிக்காரர் ஒரு ஸ்பேனரை ஓங்கினார். செயற்குழு முழுவதும் அவர் மேல் விழுந்தது.

“அசல் கண்ணாடிய்யா அது! போனா கிடைக்குமா?”

“டத்தோ கிடைப்பாரா?” என்றார் மார்க்கிரட்.

“டத்தோவுக்கு வேற ஆள் கிடைப்பாங்க மேடம்,” என்று ஒரு செயற்குழுக்காரர் யோசிக்காமல் சொல்லிவிட்டுப் பின்வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

குரு மேடையைக் காட்டினார். “அந்தக் கைப்பிடியை எடுத்து அந்தச் சந்து வழியா உள்ள கொடுங்க. மாட்டித் திருகினா திறந்துரும்.”

சிவநேசன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “திறப்பு விழாவுக்கு முன்னாடி சாமானைத் தொடக்கூடாதுன்னு காலையிலயே உங்களுக்குச் சொன்னோமே சார்.”

“சரி, திறந்து வைங்க.”

“யாரு? திறந்து வைக்க வேண்டியவரு உள்ள இருக்காரே!”

செயற்குழு காருக்குப் பக்கத்திலேயே அவசரக் கூட்டம் போட்டது. உள்ளே இருந்த தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். ஆமோதிக்கும்போது ஹாரனை அமுக்கினார், அது வேலை செய்யாததால் கண்ணாடியைத் தட்டினார். முடிவு ஒருமனதாக இருந்தது. சிவப்பு ரிப்பனின் ஒரு முனையை முக்கோணச் சாளரம் வழியாக உள்ளே விட்டார்கள். கத்தரிக்கோலையும் விட்டார்கள். டத்தோ ரிப்பனை வெட்டினார். இவ்வளவோடு விட்டிருக்கலாம். மரபு மீறக்கூடாதென்று சிவநேசன் பொன்னாடையையும் சுருட்டி உள்ளே திணித்தார். மாலை நுழையவில்லை, அதைப் பக்கக் கண்ணாடியில் மாட்டினார்கள். பிறகு, யாரும் கேட்காமலே, ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

அரை மயக்கத்தில் இருந்த டத்தோ, ஒலிவாங்கி விரலில் பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அன்பு நெஞ்சங்களே! நான் அதிகம் பேசப்போறதில்ல...”

நிறையப் பேசினார். மூடிய காருக்குள் பொன்னாடை போர்த்திக்கொண்டு, மூச்சுக்கு ஒரு வார்த்தையாக, “என்கிட்ட பதினோரு பழைய காரு இருக்கு. ஒண்ணையும் நான் ஓட்டினதில்ல. ஏன்? ஓட்டினா தேஞ்சிரும். நம்ம சமுதாயத்தையும் நான் அப்படித்தான் பாதுகாக்குறேன். எதையும் அசைக்கிறதில்ல! பிரச்சினைகளைக்கூட வந்த இடத்துலயே, வந்த மாதிரியே வெச்சிருக்கேன்!” என்று முழங்கினார். திடல் கைதட்டியது. அவர் பக்கத்தில் தலைவர் வேட்டியால் விசிறிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் வெள்ளித் தட்டிலிருந்து கைப்பிடி இறங்கி வந்து, சாளரம் வழியாக நுழைந்தது. கதவு திறந்தது. இரண்டு பெரியவர்களும் அவித்த கிழங்குபோல் வெளியே வந்தார்கள். குரு முன்னால் ஓடினார். ஆனால் அவருக்கு முன்பே சிவநேசன் திருப்புளியோடு உள்ளே பாய்ந்து, கைப்பிடியைக் கழற்றி, பூச்சரம் சுற்றி, பொட்டைச் சரிசெய்து, மறுபடி தட்டில் வைத்தார். பரிமாற்றம் இன்னும் நடக்கவில்லையே!

நடந்தது. தலைவர் கைப்பிடியைச் செயலாளருக்கு வழங்கினார். செயலாளர் சக்கர மூடியைத் தலைவருக்கு வழங்கினார். கைப்பிடிக்கு ஒரு சின்னப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். ‘கிளிக்.’ கைப்பிடி தலைவரிடம் திரும்பியது. சக்கர மூடி செயலாளரிடம் திரும்பியது. கீழே மேசைகளில் மஞ்சள் துணிகள் விலகின. எல்லாரும் கொடுத்தார்கள், சிரித்தார்கள், திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

குரு மேடையேறி, முன்விளக்கு வளையங்களை இரண்டு கையாலும் நீட்டினார்.

“தலைவரே, இந்த ஜோடியை எடுத்துக்கிட்டு எனக்கு அந்தக் கைப்பிடியைத் தருவீங்களா?”

“எதுக்கு?”

“என் கார்க் கதவுல மாட்ட.”

“மாட்டி?”

“திறக்கத்தான்.”

தலைவர் முகம் வெளுத்தது. “பயன்படுத்தவா?” என்றார். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயா, பொன்னாடை போர்த்தின சாமானை எவனாச்சும் கதவுல மாட்டுவானா?”

குரு கீழே இறங்கினார். மார்க்கிரட் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

“ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வரேன்,” என்றார் குரு. காரில் கொண்டுவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மைவிகளைத் தாண்டும்போது வளையங்களைக் காரில் போட நின்றார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். அதன் உள்பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. தினமும் அவர் கை படுகிற கைப்பிடி. குரு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன?” என்றார் மார்க்கிரட்.

குரு டிக்கியிலிருந்து திருப்புளியை எடுத்தார். தன் பக்கக் கைப்பிடியைக் கழற்றினார். சுற்றி வந்து இடது கதவைத் திறந்து, மண்டியிட்டு, அதை அங்கே மாட்டினார். கொஞ்சம் எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்றது. இருந்தாலும் பிடித்தது. மார்க்கிரட் உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கைப்பிடியைத் திருகினார். கதவு திறந்தது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தார்.

“அப்ப உங்கட பக்கம்?”

“இனி நான் இறங்கணும்னா நீங்க வந்து திறக்கணும்.”

“இத்தனை மாசமா இது தோணேல்லையா உங்களுக்கு?”

“எங்கேயாவது யார்கிட்டயாவது ஒண்ணு கிடைக்கும்னே தேடிக்கிட்டு இருந்தேன்,” என்றார் குரு. “என்கிட்டயே ஒண்ணு இருக்கேன்னு தோணல.”

அதற்குள் மேடைப் பக்கமிருந்து பதக்கங்கள் குலுங்க சிவநேசன் ஓடி வந்தார். பின்னால் இரண்டு தொண்டர்கள்.

“நிறுத்துங்க! நிறுத்துங்க! இந்த வளாகத்துக்குள்ள ஒரு சாமான் ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு மாறியிருக்கு. நான் கண்ணால பார்த்தேன். இத்தனை வருஷ சாதனையை உடைச்சிட்டீங்களே சார்! உங்களைப் பேரவையிலேருந்து ஆயுளுக்கும் நீக்குறோம்.”

“நான் உறுப்பினரே இல்லையே.”

சிவநேசன் திகைத்தார். சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. “அப்ப... முதல்ல உங்களைச் சேர்க்கணும். சேர்த்துட்டு நீக்கணும். கொஞ்சம் மேடைக்கு வாங்க. டத்தோ இன்னும் போகல. ஒரு பொன்னாடை மிச்சம் இருக்கு.”

குரு காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். டுர்ரென்ற சத்தத்தில், திடலில் இருந்தவர்கள் எல்லாரும் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மார்க்கிரட்டின் கை வழியெல்லாம் கைப்பிடி மேல் இருந்தது. திறப்பதற்காக இல்லை, சும்மா. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டு வாசலில் கார் நின்றதும், அவரே திறந்தார், அவரே இறங்கினார், கதவைச் சாத்தினார். குருவும் நகர்ந்து அந்தப் பக்கமாக இறங்கியிருக்கலாம். நகரவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மார்க்கிரட் காரைச் சுற்றி வந்தார். நாலு விரல் இறங்கிய கண்ணாடியருகே குனிந்தார்.

“இப்ப கேளுங்கள்,” என்றார்.

குரு கேட்டார். உள்ளே காற்று இல்லை, நெற்றி வியர்த்தது.

“பதில் சொல்லிட்டுத்தான் திறப்பீங்களா?” என்றார்.

“அப்பிடியான வீட்டிலதான் நான் இருந்தனான்,” என்றார் மார்க்கிரட்.

கதவை அகலத் திறந்துவிட்டார். குரு வெளியே வந்து, நிமிர்ந்து, நன்றாக மூச்சு விட்டுக்கொள்ளும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான், “ஓம்,” என்று சம்மதம் சொன்னார்.